வீட்டிலேயே சுத்தமான ஆள்

காலை ஆறு மணிக்கு அலாரம் அடிக்கும். அணைப்பேன். கட்டிலில் ஒரு பக்கம் மட்டும்தான் கசங்கியிருக்கும். போர்வையை இழுத்துவிட்டால் போதும். பல் தேய்ப்பேன். அடுப்பில் தண்ணீர் வைப்பேன். பழைய போன் சார்ஜர்கள் கிடக்கிற இழுப்பறையைத் திறந்து, அடியில் இருக்கும் அட்டைப் பெட்டியிலிருந்து இரண்டு மாத்திரை எடுத்து விழுங்குவேன். குளிப்பேன். இரண்டு துண்டு ரொட்டி, ஒரு டீ. ஷூ லேஸ் கட்டுகிற நேரத்துக்கு உடம்பும் மனசும் பஞ்சாகியிருக்கும். ஏழு இருபதுக்குப் பஸ்.

மாத்திரை என் மனைவியுடையது. அவள் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. புற்றுநோய். மருத்துவமனையில் கடைசியாக, நாளைக்குப் பதினாறு வீதம் இரண்டு மாதத்துக்கான மார்ஃபின் மாத்திரையை மொத்தமாகக் கொடுத்தார்கள். அவளுக்கு ஒன்பது நாள்தான் தேவைப்பட்டது. மிச்சமிருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்திருந்தார்கள். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வேலை தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். வேதியியல் படித்ததற்குக் கிடைத்தது. அடுக்குமாடி, பள்ளிக்கூடம், நீச்சல் குளம் என்று பல இடங்களிலிருந்து பாட்டில்கள் வரும். ஒவ்வொன்றிலும் லேபிள் ஒட்டி, எண், தேதி, நேரம், எடுத்த இடம் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். லேபிள் இல்லாத பாட்டிலை எங்கள் கூடத்தில் யாரும் கையால்கூடத் தொடமாட்டார்கள். ஒரு நாளைக்கு அறுபது. ஐந்து மாதமாக ஒரு பிழைகூட இல்லை என்று மேலாளர் தோளில் தட்டினார். துக்கத்தை வேலையில் கரைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் எதையும் எதிலும் கரைக்கவில்லை. விழுங்கினேன், அவ்வளவுதான்.

இருப்பது மாமியார் வீட்டில். மனைவிக்கு முடியாமல் போனபோது பெட்டியோடு வந்தோம். அவள் போனபிறகு நான் கிளம்பியிருக்க வேண்டும். யாரும் போகச் சொல்லவில்லை. மூன்றாவது மாடி, இரண்டு அறை, ஒரு ஹால். ஹாலில் ஜன்னலோரம் அத்தையின் தையல் மெஷின். அவர் துணி தைப்பதில்லை, யாரோ தைத்ததைத் திருத்துவார். இடுப்பைப் பிரிப்பது, காலைக் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது. தெருவில் யார் பெருத்தார்கள், யார் இளைத்தார்கள், யார் பெருத்ததை மறைக்கிறார்கள் என்பதெல்லாம் டாக்டருக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

இன்னோர் அறையில் மனைவியின் தம்பி. ஓர் இடத்தில் நிற்கமாட்டான் என்று சின்ன வயதிலேயே பம்பரம் என்று பேர் வைத்துவிட்டார்கள். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்தான். தூக்கம் வராமலிருக்க உடன் வேலை பார்த்தவன் ஒரு கலர் மாத்திரை கொடுத்தான். அவர்களுக்குள் அதன் பேர் மிட்டாய். ஒரு வருடத்தில் மிட்டாய் இல்லாமல் பல்கூடத் தேய்க்க முடியாது என்ற நிலைக்கு வந்தான். நாலு நாள் தூங்காமல் இருந்த ஒரு மதியம், வண்டியிலிருந்த முப்பத்தெட்டுப் பார்சலையும் ஒரே வீட்டில் இறக்கிவிட்டு வந்தான். அந்த வீட்டுக்காரர் முப்பத்தெட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

வேலை போனது. அதன்பிறகு அத்தையும் நானும் உதவி தேடி அலைந்தோம். அப்போது என் மனைவி உயிரோடு இருந்தாள்; படுத்துக்கொண்டே எங்களை ஏவினாள். பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த எண்ணைக் கூப்பிட்டோம். எங்கள் அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு குரல் மூன்று நாள் சொன்னது. பெரிய மருத்துவமனையில் பதினாலாம் அறைக்குப் போகச் சொன்னார்கள். பதினாலில் ஒன்பதுக்குப் போகச் சொன்னார்கள். ஒன்பதில் துடைப்பங்கள் இருந்தன. நகருக்கு வெளியே நீச்சல் குளத்தோடு ஓர் இல்லம் இருந்தது. வழவழப்பான புத்தகம் கொடுத்து எல்லா அறையையும் சுற்றிக் காட்டினார்கள். குளம் எவ்வளவு ஆழம் என்று அத்தை கேட்டார். இவனுக்கு நீச்சல் தெரியாது, அதற்கு வேறு தனியாக அழ வேண்டுமா என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். உறவுக்காரர் ஒருவர் கல்யாணம் பண்ணிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். எந்தப் பெண் எனக்கு என்ன பாவம் செய்தாள் என்று அத்தை கேட்டார். அவர் அதன்பிறகு வரவில்லை.

கடைசியில் உதவி ஒரு கால்சட்டையோடு வந்தது. ஒரே கால்சட்டையின் இடுப்பைப் பிரிக்கச் சொல்லி ஒருவர் மூன்றாவது முறையாக வந்து நின்றார். இதற்கு மேல் பிரிக்க உள்ளே துணி இல்லை, வேண்டுமானால் உங்கள் வாயைத் தைத்துவிடட்டுமா என்று அத்தை கேட்டார். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். பதினொரு வருடத்துக்கு முன்னால் பவுடரை விட்டாராம். இப்போது சிகரெட்டையும் விட்டதில் ஊதிவிட்டாராம். போதையை விட வருகிறவர்களுக்கான பகல் மையம் ஒன்றில்தான் வேலை பார்ப்பதாகச் சொன்னார். அது இரண்டு தெரு தள்ளி, பல் டாக்டர் வீட்டுக்கு மேல் மாடியில் இருந்தது. நாங்கள் நகரம் முழுக்கச் சுற்றியிருந்தோம்.

அந்த மையத்தில் இருபத்துநாலு இடம். காத்திருப்போர் நாற்பது பேர். பம்பரத்துக்கு ஏழு வாரம் கழித்து இடம் கிடைத்தது. காலை ஒன்பதிலிருந்து நாலு வரை அங்கே இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் சிறுநீர் கொடுக்க வேண்டும், வீட்டிலிருந்து ஒருவர் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு மாதத்துக்குள் மூன்று முறை கோப்பையில் மாட்டினால் இடம் போய்விடும். வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். கோப்பையை நீட்டி, கழிவறைக்குள் கூடவே நின்று கண்காணிப்பது கால்சட்டைக்காரரின் வேலை. எல்லோரும் அவரைக் கப்பு அண்ணன் என்பார்கள்.

பம்பரம் ஏற்கெனவே இரண்டு முறை மாட்டியிருந்தான். இரண்டும் முதல் மாதத்தில். அதன்பிறகு இரண்டு மாதம் நன்றாக இருந்தான். இரவில் தூங்கினான். உட்கார்ந்த இடத்தில் ஒரு தட்டுச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிடக் கற்றுக்கொண்டான். ஒருநாள் நான் கேட்காமலேயே என் ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருந்தான். பிறகு ஒரு புதன்கிழமை, மிட்டாய் கொடுத்த பழைய நண்பனைத் தெருவில் பார்த்தான். ஒன்றே ஒன்று. அன்றைக்கே அம்மாவிடம் வந்து அழுதுவிட்டான்.

மறுநாள் வியாழக்கிழமை. நான் டீயோடு உட்கார்ந்திருந்தேன். அத்தை பம்பரத்தின் கால்சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் புரட்டி மடியில் வைத்திருந்தார். தொடைக்கு உள்பக்கம் லைனிங் துணியில் கச்சிதமான ஒரு பை. ஒரு சின்ன பாட்டில் வைக்கிற அளவு. தையல் அவ்வளவு நேராக இருந்தது, வெளியில் ஒரு நூல் தெரியவில்லை.

“மாப்பிள்ளை, ஒரு உதவி. இல்லன்னு சொல்லக்கூடாது.”

“சொல்லுங்க அத்தை.”

“செவ்வாய்க்கிழமை காலைல ஒரு பாட்டில் வேணும்.”

“லேப் பாட்டிலா? எடுத்துட்டு வரேன்.”

“பாட்டில் என்கிட்ட இருக்கு. உள்ள இருக்க வேண்டியதுதான் வேணும்.”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அத்தை அதற்குள் கணக்கெல்லாம் போட்டு முடித்திருந்தார். அவர் கொடுத்தால் சர்க்கரை வியாதி தெரிந்துவிடும். கீழ் வீட்டுக்காரர் கொடுத்தால் பாட்டிலே மயங்கி விழுந்துவிடும்.

“இந்த வீட்டுலயே சுத்தமான ஆள் நீங்கதான். ஒரு பீடி உண்டா, ஒரு பாக்கு உண்டா. டீக்குக்கூட அரை ஸ்பூன் சர்க்கரைதான்.”

கப்பு அண்ணன் பார்க்கமாட்டாரா என்று கேட்டேன்.

“அவரு செவுத்தப் பாத்துக்கிட்டுத்தான் நிப்பாராம். கூச்சப்படற மனுஷன். மூணு தடவ அவரு இடுப்ப அளந்தவ நான். எனக்குத் தெரியாதா.”

பம்பரம் அறை வாசலில் நின்றிருந்தான். வேண்டாம்மா, நானே போய் உள்ளதைச் சொல்லிடறேன் என்றான். நீ சொல்லிக் கிழித்தது போதும், உள்ளே போ என்றார் அத்தை. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு மாப்பிள்ளை? தானா வர்றதுதானே.”

அன்று பஸ்ஸில் யோசித்தேன். பாட்டிலைக் கொடுத்தால் பம்பரத்தின் இடம் போகலாம். கொடுக்கமாட்டேன் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். மூன்றாவதாக ஒரு வழி தெரிந்தது: செவ்வாய்க்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. மாத்திரையை நிறுத்தினால் அதற்குள் உடம்பிலிருந்து போய்விடும். வேதியியல் படித்தவன். விரல்விட்டு எண்ணினேன், சரியாக வந்தது. நிறுத்துவது பற்றி எனக்கு எந்தக் கவலையும் இல்லை. நான் பம்பரம் இல்லையே.

வெள்ளிக்கிழமை காலை இழுப்பறையைத் திறக்கவில்லை. பத்து மணிக்குக் கொட்டாவி தொடங்கியது. அறுபது பாட்டிலுக்கும் கொட்டாவி விட்டேன். மூக்கு ஒழுகியது. மதியம் முன்னெச்சரிக்கையாக, தண்ணீர் மாதிரிகளைக் கொண்டுவரும் வண்டி ஓட்டுநரிடம் ஒரு பாட்டில் தர முடியுமா என்று கேட்டுவைத்தேன். உறவுக்காரருக்கு வேலைக்கான பரிசோதனை என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“என்னோடதா சார்? ரத்தக்கொதிப்புக்கு ரெண்டு போடறேன், முதுகுக்கு ஒண்ணு, தூக்கத்துக்குப் பாதி, வாரக் கடைசில ஏதோ கொஞ்சம். எது வேணாம்னு சொல்லுங்க, அத விட்டுட்டுத் தரேன்.”

மேலாளரிடம் கேட்கவில்லை. அவர் மேசையில் இருமல் மருந்து எப்போதும் இருக்கும். அவர் இருமி நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை உடம்பில் எல்லா எலும்பையும் யாரோ கழற்றித் தப்பாக மாட்டியதுபோல் இருந்தது. வியர்த்தது, உடனே குளிர்ந்தது. லேபிளில் முப்பத்தொன்று என்ற எண்ணை இரண்டு பாட்டிலுக்கு எழுதினேன். கழிவறைக்கும் மேசைக்கும் நடுவில் பாதை போட்டேன். பதினொரு மணிக்கு மேலாளர் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அத்தை நெற்றியில் கை வைத்துப் பார்த்து, காய்ச்சல் என்றார். இரண்டு போர்வை போர்த்தினார். வெந்நீர் கொடுத்தார். பம்பரம் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஜுர மாத்திரை எதுவும் போட்டுடாதீங்க மாப்பிள்ளை. பாட்டிலுக்கு ஆகாது.”

மதியம் நாலு மணிக்கு இருவரும் கடைக்குப் போனார்கள். படியில் அவர்கள் காலடிச் சத்தம் இறங்கி முடிவதற்குள் நான் இழுப்பறைக்கு முன்னால் இருந்தேன். நடந்துபோனதாக ஞாபகம் இல்லை. சார்ஜர்களை வாரித் தரையில் போட்டேன். மூன்று எடுத்தேன். தண்ணீர் ஊற்றப் பொறுமை இல்லை, மென்றேன்.

அரை மணியில் எலும்பெல்லாம் இடத்துக்கு வந்தது. எழுந்து சார்ஜர்களை ஒவ்வொன்றாகச் சுருட்டி அடுக்கினேன். பம்பரத்தைப் பற்றி நான் அத்தையிடமும் மனைவியிடமும் சொன்ன வார்த்தைகள் ஞாபகம் வந்தன. மன உறுதி இல்லாதவன். குடும்பத்தைப் பற்றி நினைப்பே இல்லாதவன். இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கத் தெரியாதவன். நான் ஒன்றரை நாள் இருந்திருந்தேன்.

ஞாயிறு சொல்லியிருக்கலாம். திங்கள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, மிட்டாய் தின்கிறவனின் கோப்பையில் மிட்டாயை மட்டும்தான் தேடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குளோரின் தேடுகிற சோதனையில் ஈயம் தெரியாது, அதைப்போலத்தான் என்று வாதாடினேன். எனக்கு எதிராக யாரும் வாதாடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பாட்டிலை நிரப்பிக் கொடுத்தேன். அத்தை அதைத் துண்டில் சுற்றிக் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டார். சூடு ஆறக்கூடாது என்று இரண்டு தெருவும் ஓட்டமும் நடையுமாகக் கூட்டிப்போனார். பம்பரம் காலை அகட்டி வைத்து நடந்தான். எதிரில் வந்த ஒருவர் வழிவிட்டு ஒதுங்கினார்.

மையத்தில் நான் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். கப்பு அண்ணன் பம்பரத்தைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். சுவரைப் பார்த்து நிற்கும்போது அவர் வாய்க்குள் ஏதாவது ராகம் இழுப்பார், வெளியே கேட்டது. ராகம் நின்றது. கதவு திறந்தது. பம்பரம் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தான்.

பதினைந்து நிமிடம் கழித்து எங்கள் மூன்று பேரையும் ஆலோசகர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஐம்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. யார் எவ்வளவு நேரம் பேசலாம் என்பதற்குச் சமையலறை டைமர் ஒன்றை மேசையில் வைத்திருப்பார். பம்பரம் அவரை டைமர் அக்கா என்பான், அவர் முகத்துக்கு நேராகவே.

கோப்பை மேசையில் இருந்தது. பக்கவாட்டில் ஆறு சின்ன ஜன்னல்கள். ஆறு வகை போதைக்கு ஆறு. மிட்டாயை மட்டும் தேடுகிற கோப்பை அல்ல அது. கோடு தெரிந்தால் அந்த வகை இல்லை என்று அர்த்தம். தெரியாவிட்டால் இருக்கிறது என்று அர்த்தம். ஐந்தில் கோடு இருந்தது. ஒன்றில் இல்லை.

“மிட்டாய விட்டுட்டு மார்ஃபினுக்குப் போயிட்டியா?” என்று ஆலோசகர் பம்பரத்திடம் கேட்டார். குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

பம்பரம் வாயைப் பிளந்தான். அவன் வாழ்க்கையில் முதன்முறையாக, செய்யாத ஒன்றுக்காக மாட்டியிருந்தான். அதை எப்படி மறுப்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை. என் அக்கா மேல சத்தியமா, அதக் கண்ணாலகூடப் பாத்ததில்ல என்றான். அத்தைக்குப் பொறுக்கவில்லை. மகன் செய்த தப்புகளை மூடி மூடிப் பழகிய கைக்கு, செய்யாத தப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

“அவன் ஒண்ணும் பண்ணல. அது அவனோடதே இல்ல” என்றார்.

சொன்னபிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. அந்த நேரம் பார்த்துக் கப்பு அண்ணன் உள்ளே வந்து, கழிவறைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்த காலி பாட்டிலைக் காகிதத்தால் பிடித்து மேசைமேல் வைத்தார். அதில் லேபிள் இருந்தது. மாதிரி எண் ஒன்று. செவ்வாய், காலை எட்டு இருபது. எடுத்த இடம்: வீடு. கீழே என் கையெழுத்து. எப்போது ஒட்டினேன் என்று இப்போதும் தெரியவில்லை. சட்டைப்பையில் கிடந்த லேபிளைக் கை தன் பாட்டுக்கு எழுதி ஒட்டியிருக்கிறது.

ஆலோசகர் பதிவேட்டைத் திறந்து கையெழுத்தை ஒப்பிட்டார். அதற்கு அவசியமே இருக்கவில்லை.

“பொறந்ததுலேருந்து இப்படி ஒரு திருட்ட நான் பாத்ததில்ல” என்றார் கப்பு அண்ணன். “முகவரியும் எழுதியிருந்தா வீட்டுக்கே கொண்டுவந்து குடுத்திருப்பேன்.”

அத்தை அப்போதும் விடவில்லை. அப்படியே மாப்பிள்ளையுடையதாக இருந்தாலும் கோப்பைதான் தப்பு என்றார். கோப்பை எங்கே வாங்கினீர்கள், தேதி முடிந்ததா, வேறொன்றில் ஊற்றிப் பாருங்கள். இந்த ஆளுடையதில் அழுக்கு வந்தால் ஊர்க் குடிநீரிலும் அழுக்குத்தான் என்றார்.

பம்பரம் என் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை வாசலில் நின்று பார்த்த அதே பார்வை. அவன் முகத்தில் ஒவ்வொன்றாகச் சேர்வது தெரிந்தது: கொட்டாவி, இரண்டு போர்வை, மாலையில் திடீரென்று சரியாகிவிட்ட காய்ச்சல். பிறகு அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அக்கா, நான்தான். வழியிலேயே பாட்டில்ல கலந்துட்டேன். மாமா மேல தப்பு இல்ல.”

எதைக் கலந்தாய் என்று ஆலோசகர் கேட்டார். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த மாத்திரைதான் என்றான். எந்த நிறம் என்றார். மஞ்சள் என்றான். மாத்திரை வெள்ளை.

அவன் இடம் போய்விட்டது என்று அவனுக்குத் தெரியும். நாற்பது பேருக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும் என்றும், நிற்கமாட்டான் என்றும் தெரியும். மூன்று மாதமாக அவன் கற்றது எல்லாவற்றையும் எனக்காக மேசைமேல் வைத்துவிட்டு, கால்கள் இரண்டும் ஆட, அப்படியே உட்கார்ந்திருந்தான். நான் பெரிதாக எதுவும் உணர்ந்தேன் என்று சொல்ல முடியாது. காலையில் இரண்டு போட்டிருந்தேன். ஆனால் அவன் தப்பான நிறம் சொன்னது தாங்கவில்லை.

“வெள்ளை” என்றேன். “காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு. என் பொண்டாட்டியோட மாத்திரை. அவன் அதத் தொட்டதில்ல.”

டைமர் ஓடுகிற சத்தம் கேட்டது. அத்தை என்னைப் பார்த்தார். அளவு தப்பிப்போன துணியைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

ஆலோசகர் கப்பு அண்ணனிடம் ஒரு புதுக் கோப்பையை நீட்டினார். இந்த முறை நான் சுவரைப் பார்க்கமாட்டேன் தம்பி என்று சொல்லி அண்ணன் பம்பரத்தைக் கூட்டிப்போனார். ராகம் கேட்கவில்லை. திரும்பி வந்து வைத்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு டைமர் திருகப்பட்டது. ஐந்து பேரும் ஆறு ஜன்னலையே பார்த்தோம். கோடுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆறு. புதன்கிழமை தின்ற ஒன்று அவனிலிருந்து என்றைக்கோ போய்விட்டிருந்தது. அவன் பாட்டுக்கு வந்து அவன் வேலையை அவனே செய்திருந்தால் எதுவும் நடந்திருக்காது.

“கோப்பைல மாட்டுனாத்தான் தப்புன்னு விதி. அவன் கோப்பை சுத்தம்” என்றார் ஆலோசகர். “பையத் தச்சது அவன் இல்ல. பாட்டில நெரப்புனதும் அவன் இல்ல. அவன் இருக்கட்டும். அந்தக் கால்சட்டை மட்டும் இனிமே இந்தப் படி ஏறக்கூடாது.”

பம்பரம் மேசைமேல் தலையை வைத்துக்கொண்டான். அத்தை அவன் முதுகில் ஒரு அடி வைத்து, பிறகு அந்தக் கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டார்.

ஆலோசகர் இன்னொரு படிவத்தை எடுத்தார். இது உங்களுக்கு என்றார். நானாகத் திடீரென்று நிறுத்தியது முட்டாள்தனம் என்று சொன்னார். படித்தவர்கள்தான் அதிகமாக இப்படிச் செய்வார்களாம். வியாழக்கிழமை தோறும் ஒரு டாக்டர் வருவார். அவர் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். பெட்டியை அப்படியே கொண்டுவந்து கப்பு அண்ணனிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குக் காத்திருப்போர் வரிசை இல்லையா என்று கேட்டேன். டாக்டரைப் பார்க்க வரிசை இல்லை, யாரும் வருவதில்லை, மாத்திரை தின்கிறவர்கள் எல்லோரும் தாங்கள் நோயாளிகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

பேர், வயது, வேலை. எழுதிக்கொண்டே வந்தார். எப்போது தொடங்கியது என்று கேட்டார். அவள் இறந்த அன்று என்றேன். அன்று என்ன நடந்தது என்று கேட்டார்.

எனக்கு முன்னால் அத்தை பேசினார். குரல் உடைந்திருந்தது, ஆனால் யாரிடமோ சண்டை போடுவதுபோல்தான் பேசினார்.

“அவரு கையப் புடிச்சிக்கிட்டேதான் எம்பொண்ணு போனா. ‘எங்கம்மாவையும் தம்பியையும் பாத்துக்கோங்க’ன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடினா. அதுக்காகத்தான் இவரு எங்களோட இருக்காரு. இல்லன்னா இவருக்கு என்ன தலையெழுத்து? எழுதுங்கம்மா, அதயும் எழுதுங்க.”

ஆலோசகரின் பேனா என்னைப் பார்த்து நின்றது.

“அவ அப்படிச் சொல்லல அத்தை” என்றேன். “கடைசியா என்ன சொன்னான்னு அன்னைக்கு நீங்க கேட்டீங்க. எனக்கு வேற ஒண்ணும் தோணல.”

பம்பரம் தலையைத் தூக்கினான். அத்தையின் கை அவன் முதுகில் அசையாமல் இருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். மருத்துவமனையில், மதியம் மூன்று மணி. காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தேன். அவள் கண்ணைத் திறந்தாள். என்னிடம் பேசவில்லை, ஊசியைச் சரிசெய்துகொண்டிருந்த நர்ஸிடம் ஒன்று சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாக்கெட்டோடு வெளியே போய், படிக்கட்டில் உட்கார்ந்து, மிச்சத்தையும் தின்றேன். வேண்டுமென்றே நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

அத்தை கேட்டார்.

“அப்ப என்னதான் சொன்னா?”

அவள் சொன்ன மாதிரியே சொன்னேன்.

“சிஸ்டர், இந்த ஆள வெளிய அனுப்புங்க. கடிக்கிற சத்தம் மண்டைக்குள்ள கேக்குது.”